தரையைப் பார்த்து நுழைகிறவர்

கதவைத் தள்ளியதும் சில்வெஸ்டர் அண்ணை முதலில் பார்ப்பது தரையைத்தான். மேசைகளையோ, சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பதையோ, உள்ளே நிற்கும் முகங்களையோ அவர் பார்ப்பதில்லை. தலையை மட்டும் உள்ளே நீட்டுவார். தரை துடைத்து மினுங்கினால், "சரிவராது" என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திவிடுவார். கசங்கிய கடதாசித் துண்டுகள், பல்லுக்குச்சிகள், ஒலிவங்காய்க் கொட்டைகள், இறால் தலைகள் எல்லாம் மிதிபட்டுக் கிடந்தால் அவர் முகம் வெளிக்கும்.

"வாங்கோ, வாங்கோ. நல்ல கடை. சனம் தின்னுது."

ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய தெருக்களில், கப்பல் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்த ஸ்பானியர்கள் நடத்தும் சின்னச் சின்னக் கடைகள் உண்டு. ஒரு சின்னக் கிளாஸ் குடிக்கக் கேட்டால் போதும். கேட்காமலே பக்கத்தில் ஒரு சின்னத் தட்டும் வரும். அதில் நாலு வறுத்த மீன், அல்லது ஒரு கரண்டி கடலை, அல்லது முட்டைக்குள் கிழங்கை வைத்துச் சுட்ட ஒரு துண்டு இருக்கும். தின்ற மிச்சத்தைக் காலடியில் போடுவது அங்கே ஊத்தைப் பழக்கம் அல்ல; கடை நன்றாக ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சி. சுகாதாரப் பகுதி ஆட்கள் வரும் நாளில் மட்டும் முதலாளிகள் விழுந்து விழுந்து கூட்டுவார்கள். அப்படி ஒரு நாளில், தனக்கு நன்கு பழகிய கடையின் வாசலில் நின்று தரையைப் பார்த்துவிட்டு, "முதலாளி மாறிட்டார் போல" என்று திரும்பி வந்தவர் சில்வெஸ்டர் அண்ணை.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். நடக்கும்போது உடம்பு இடப்பக்கம் கொஞ்சம் சாயும். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் கச்சான் கடலைக் கடகத்தை இடுப்பில் தாங்கி விற்றுத் திரிந்த உடம்பு அது. கடகம் அங்கே போய்விட்டது. சாய்வு மட்டும் இங்கே வந்திருக்கிறது.

எண்பத்தைந்தில் வந்தவர். அகதிகளை வைத்திருக்கும் விடுதியை எல்லோரும் 'ஹைம்' என்பார்கள். அந்த ஹைமில் இரண்டாம் மாடியில் அவருக்கு ஒரு கட்டில். வேலை செய்ய அனுமதி கிடையாது. நகர எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி கிடையாது. விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பகலையும் இரவாக்கிவிடுவார்கள். சில்வெஸ்டர் அண்ணை நடப்பார். மழையிலும் நடப்பார், பனியிலும் நடப்பார். நடந்து நடந்து அந்தத் தெருக்களுக்குத் தன் பாட்டில் பெயரும் வைத்திருக்கிறார். இறாலை உள்ளிப்பூண்டு போட்டு எண்ணெயில் கொதிக்க வைத்துத் தருவது 'உள்ளிக் கடை'. முதலாளியம்மா எந்த நேரமும் புருஷனைப் பேசிக்கொண்டு சூடை மீன் பொரிப்பது 'கோவக்காரி கடை'. எல்லாவற்றிலும் மேலானது கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எவரிஸ்தோ என்பவரின் கடை. அதற்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை. "அது எவரிஸ்தோ அண்ணையின்ர கடை" என்று மரியாதையாகச் சொல்வார். எவரிஸ்தோவுக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு.

அந்தக் கடை கிடைத்த கதை இது. ஜேர்மன்காரரின் பூசை அவருக்கு ஒத்துவரவில்லை. "சுருவமும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. ரெர்மின் தந்து கூப்பிட்ட அரசாங்கக் கந்தோரில போய் இருந்த மாதிரிக் கிடக்கு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக ஸ்பானியர்களின் பூசைக்குள் நுழைந்துவிட்டார். மாதாவுக்குப் பட்டு உடுத்தியிருந்தார்கள். கிழவிகள் சத்தமாக அழுதார்கள். பூசை முடிந்ததும் சனம் முழுவதும் ஒரே பக்கமாகப் போனது. மாதாவைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பிரகாரம் போகிறார்கள் என்று நினைத்து, இவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறார். ஊர்வலம் எவரிஸ்தோவின் கடைக்குள் போய் முடிந்தது.

"வந்திட்டன், திரும்பிப் போறதும் அழகில்லை. ஒரு சின்னக் கிளாஸ் கேட்டன். பக்கத்தில தட்டொண்டு வந்திது. நான் தொடேல்லை. ஆரோ மறந்து விட்டிட்டுப் போன தட்டு, வந்து கேட்டால் என்ன செய்யிறது எண்டு காவல் நிண்டனான். அந்த மனிசன் வந்து தட்டைத் தள்ளித் தள்ளி விடுறான். நான் திருப்பித் தள்ளுறன். கடைசியில ஒரு மீனை எடுத்துத் தன்ர கையால என்ர வாயில வைச்சுவிட்டான். ஐம்பது வயசில தீத்திறதுக்கு எனக்கொரு ஆள் கிடைச்சுது."

அன்று தட்டில் இருந்த ஒலிவங்காயை நாவற்பழம் என்று நினைத்துக் கடித்தாராம். உப்பும் கசப்பும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்குப் பக்தி வந்துவிட்டது. "யேசுநாதர் இரத்த வேர்வை சிந்தின மலையில காய்ச்சது இதுதானே. கசக்காமல் என்ன செய்யும்?"

அதே ஹைமில் இருந்துகொண்டு ஒரு பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த எனக்கு இவர் பழக்கமானது என் எழுத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டுதான். "உங்கட தொடர்கதையில ஒருத்தரும் வயிறாரச் சாப்பிட்டதாய் ஒரு கட்டமும் இல்லை. சோத்தில கை வைச்ச உடன எல்லாரும் அழத் தொடங்கீனம். ஒரு கிழமைக்கு எண்டாலும் பாவங்களைத் தின்ன விடுங்கோவன்." சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு உள்ளிக் கடைக்குப் போனார். எல்லோரும் நின்றபடி தின்றுகொண்டிருந்தார்கள். கப்பலில் எண்ணெய் பூசுகிறவனும், கழுத்துப்பட்டி கட்டிய கனவானும் தோள் முட்ட நின்று ஒரே தட்டில் குச்சியால் குத்தி எடுத்தார்கள். ஒரு மூலையில் மேசைகள் வெறுமையாகக் கிடந்தன.

சில்வெஸ்டர் அண்ணை அதைத்தான் எனக்குக் காட்ட விரும்பியிருக்கிறார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஊரில தேத்தண்ணிக் கடையில நாங்கள் வெளியில நிண்டுதான் குடிச்சனாங்கள். கிளாசில தரமாட்டினம், போத்தில்ல. திருவிழாவில என்னட்டைக் கச்சான் வாங்குவினம். கோது உரிச்சுத்தானே தின்னுறது, அதால தீட்டில்லை. நான் வடை சுட்டால் ஆர் வாங்குவினம்? இஞ்ச பாருங்கோ, எல்லாரும் நிக்கினம். ஒருத்தரும் ஒருத்தரையும் நிக்க வைக்கேல்லை, தாங்களாய் நிக்கினம்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, வெற்றியும் இல்லை. நீண்ட தூரம் நடந்துவிட்டு ஒரு மதிலில் சாய்ந்தவனின் முகம்தான் இருந்தது. நான் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டேன். "பாத்தீங்களே, தின்னாமல் அழப் போறீங்கள்" என்று தட்டைத் தள்ளினார்.

அவருடைய அறையில் மற்றக் கட்டில் ஸ்ரீஸ்கந்தராஜாவினுடையது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். ஹைமில் எல்லோருக்கும் அவர் மனேஜர்தான். சில்வெஸ்டர் அண்ணைக்கு மட்டும் 'மனேஜர் ஐயா'. ஒரே அறையில் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்தெழும்பியும் மனேஜர் சில்வெஸ்டர் அண்ணையின் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கியதில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சத்தம் போட்டுப் பேசமாட்டார். சில்வெஸ்டர் அண்ணைக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ஆனால் சட்டி வேறு, கோப்பை வேறு. ஊரில், தமக்கையின் வீட்டில், அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் கலியாணத்துக்கு இருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பேச்சு நடக்கிறது. இங்கே யார் யாரோடு என்ன சாப்பிட்டார்கள் என்ற செய்தி, கீழ் மாடியில் இருக்கும் கமலநாயகி அக்காவின் வாயிலிருந்து புறப்பட்டால் ஊரில் போய்த்தான் நிற்கும். மனேஜருக்கு அந்தப் பயம்.

எண்பத்தாறு மாசியில் மனேஜரின் மனைவி புஸ்பவதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். பாதை அடைத்திருந்த நேரம். கடிதம் இங்கே வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் கழிந்து முப்பத்தோராம் நாள் காரியமும் கழிந்திருந்தது. மனேஜர் அழவில்லை. அன்றைக்கு மீனையும் இறைச்சியையும் விட்டார். பிறகு முட்டையை விட்டார். பிறகு சோற்றை. சித்திரை முடியும்போது பாணும் தேத்தண்ணியும்தான் மிச்சம். பாணையும் பாதியில் வைத்துவிடுவார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சணல் கயிறு ஒன்றால் கட்டியிருந்தார். இப்படியே போனால் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டுக் குழாயால் ஊட்டுவோம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

"சாகப் போறார்" என்றார் சில்வெஸ்டர் அண்ணை என்னிடம். "எனக்குப் பக்கத்துக் கட்டில்ல, என்ர கண்ணுக்கு முன்னால சாகப் போறார். இஞ்ச இவ்வளவு கடை திறந்திருக்க, ஒரு மனிசன் பட்டினியில சாகிறதோ?"

அன்றிலிருந்து அவர் நடந்ததெல்லாம் மனேஜருக்காகத்தான். எந்தக் கடையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கலக்காத கடலை இருக்கிறது, எந்தக் கடையில் பச்சை மிளகாயைப் பொரித்து உப்புத் தூவித் தருகிறார்கள் என்று தேடித் திரிந்தார். ஒரு கிழமை முழுக்கக் கெஞ்சி மனேஜரை எவரிஸ்தோவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

உள்ளே நுழைந்ததும் மனேஜர் சுற்றிப் பார்த்தார். "இருக்க இடமில்லையோ?"

"இருக்கலாம் ஐயா. ஆனா இஞ்ச நிண்டு சாப்பிடுறதுதான் முறை. பாருங்கோ, எல்லாரும் நிக்கினம்."

எவரிஸ்தோ பழச்சாற்றை வைத்து, பக்கத்தில் கீரையும் கடலையும் போட்ட தட்டையும் வைத்தார். மனேஜர் தட்டைப் பார்த்தார். "உது ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மா தாறவை."

"சும்மாவோ?" மனேஜரின் கழுத்து நரம்பு புடைத்தது. "சோசியல் கந்தோரில காசுக்கு வரிசையில நிக்க வைக்கிறாங்கள். பழைய உடுப்புக்கு வரிசையில நிக்க வைக்கிறாங்கள். இஞ்சயும் நிக்க வைச்சுப் பிச்சை போடுறாங்களோ? உமக்கு அது பழக்கமாய் இருக்கும், சில்வெஸ்டர். எனக்குப் பழக்கமில்லை."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மனேஜர் குடையையும் எடுக்காமல் போய்விட்டார். நான் பின்னால் ஓடப் பார்த்தேன். சில்வெஸ்டர் அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார். எவரிஸ்தோ முகம் சுருங்கி, தட்டைக் காட்டி, நல்லாயில்லையா என்று கையால் கேட்டார். "நல்லது, நல்லது" என்று ஜேர்மன் மொழியில் சொன்ன சில்வெஸ்டர் அண்ணை, மனேஜரின் தட்டில் இருந்ததையும் தன்னுடையதையும் குனிந்து தின்று முடித்தார். ஒவ்வொரு வாயையும் விழுங்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது.

"ஏன் அண்ணை, விட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றேன்.

"சமைச்ச மனிசி குசினியில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. அவவின்ர மனம் நோகக் கூடாது." வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "மனேஜர் ஐயா சொன்னதிலயும் பிழையில்லை. எனக்குப் பழக்கம்தானே."

கமலநாயகி அக்காவுக்கு விஷயம் எட்டிவிட்டது. அடுத்த நாள் ஹைம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "என்ன சில்வெஸ்டர், மனேஜரைச் சாராயக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீராம்? கச்சான்காரன் கூப்பிட்ட இடமெல்லாம் போற நிலைக்கு அந்தாள் வந்திட்டாரோ? பெட்டையின்ர கலியாணப் பேச்சுக்கால் என்னத்துக்கு ஆகும்?"

"அவர் ஒண்டும் தின்னேல்லை அக்கா. திரும்பிப் போயிட்டார். நீங்கள் ஊருக்கு எழுதேக்கை அதையும் சேர்த்து எழுதிவிடுங்கோ" என்றார் சில்வெஸ்டர் அண்ணை. சிரிக்காமல்தான் சொன்னார். குசினியில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் கத்தி வேகமாக ஓடியது.

அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அவர் எங்கும் நடக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தார். நடக்கிற மனிதன் நடக்காமல் இருப்பதைப் பார்ப்பது, ஓடிக்கொண்டிருந்த மணிக்கூடு நின்றதைப் பார்ப்பதுபோல என் மனதை என்னவோ செய்தது. ஒரு காலை மனேஜர் முகம் கழுவப் போய் மாடிப்படியில் விழுந்தார். சில்வெஸ்டர் அண்ணைதான் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார். தொட்டுத் தூக்கியதை மனேஜர் தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் பலமும் இல்லை.

அன்று மத்தியானம் சில்வெஸ்டர் அண்ணை என் அறைக்கு வந்தார்.

"ஒரு அலுவல். கிடந்த கிடையில அந்தாள் வாய் திறந்தவர். 'அவளுக்கு ஒரு பிடி படைக்கேல்லை. படைக்காமல் நான் என்னெண்டு தின்னுறது?' எண்டு கேக்கிறார். உதென்ன முறை எண்டு சொல்லுங்கோ. நான் வேதக்காரன், எனக்கு விளங்கேல்லை."

நான் விளக்கினேன். ஒருவர் இறந்தால் வீட்டார் மச்சம் சாப்பிடாமல் இருப்பார்கள். எட்டாம் நாள், இறந்தவருக்கு என்னென்ன விருப்பமோ அதெல்லாம் சமைத்து, மீனும் கணவாயும் பலகாரமும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படைப்பார்கள். படைத்த பிறகு வீட்டார் கூடியிருந்து சாப்பிடுவார்கள். அன்றோடு பட்டினி தீரும். மனேஜருக்கு அந்த எட்டாம் நாள் வரவே இல்லை. அதனால் அவருடைய பட்டினியும் முடியவில்லை.

சில்வெஸ்டர் அண்ணை என் பக்கம் குனிந்தார். "எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சமோ?"

"ஓம்."

"சின்னச் சின்னத் தட்டிலயோ?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் எழும்பிவிட்டார்.

அடுத்த நாட்களில் அவர் செய்ததை எல்லாம் நான் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். மனேஜரின் கட்டில் பக்கத்தில் இருந்து, "அக்காவுக்கு என்ன சாப்பாடு விருப்பம் ஐயா?" என்று கேட்டிருக்கிறார். மனேஜர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பிறகு, "கணவாய் எண்டால் உயிர்" என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நிற்கவில்லையாம். பொரித்த சூடை, அவித்த கடலை, உறைப்பாய்ப் பிரட்டிய கிழங்கு, தோசையில் எண்ணெய் கூடவேண்டும், கலியாணமான புதிதில் கொழும்பில் வாங்கிக் கொடுத்த பாதாம் அல்வா. இரண்டு மாதத்தில் மனேஜர் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு எவரிஸ்தோவிடம் போயிருக்கிறார். சில்வெஸ்டர் அண்ணைக்கு ஜேர்மன் கொஞ்சம். ஸ்பானிய மொழியில் பூசையில் சொல்லும் செபம் மட்டும். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து நித்திரைபோலக் காட்டி, மேலே வானத்தைக் காட்டியிருக்கிறார். இவர் அறை வாடகைக்குக் கேட்கிறார் என்று எவரிஸ்தோ நினைத்து மாடியைக் காட்டினாராம். இவர் நெஞ்சில் சிலுவை போட்டுக் கண்ணை மூடிக் காட்டியதும் குசினியிலிருந்து எவரிஸ்தோவின் மனைவிதான் விளங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரிலும் நவம்பரில் இறந்தவர்களுக்கு மேசையில் ஒரு தட்டு வைப்பார்களாம். அந்தப் பெண் சில்வெஸ்டர் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "எனக்கு மனிசி செத்திட்டுது எண்டு நினைச்சிட்டா. நானும் திருத்தேல்லை. என்ர இமெல்டா இந்தியாவில, மண்டபம் அகதி முகாமில உயிரோட, நாங்கள் இப்பிடிக் கதைக்கத் தும்மிக்கொண்டிருப்பாள்" என்றார்.

பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாகிஸ்தான்காரர் கடையில் வெற்றிலை கேட்டு, காய்ந்த சருகு நாலை வாங்கி வந்து தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். எல்லாம் ஆயத்தம். ஆனால் மனேஜரைக் கூட்டிவருகிற வேலையை என் தலையில் போட்டார். "நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீங்கள் கூப்பிட்டால் வருவார். ஏனெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூசை முடிந்து ஸ்பானியச் சனம் வருவதற்கு முன், கடை வெறுமையாக இருந்தது. மனேஜர் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். முதல்முறை நடந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வாசலில் நின்றுவிட்டார். பிறகு கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், நீண்ட பலகையின் முனையில் வைத்திருந்ததைப் பார்த்தார்.

வரிசையாகச் சின்னத் தட்டுகள். மையோடு கறுப்பாகச் சமைத்த கணவாய். தலையோடு பொரித்த சூடை. அவித்த கடலை. சிவப்பு மிளகாய்த் தூள் போட்ட கிழங்கு. பாதாமும் சீனியும் சேர்த்துச் செய்த ஒரு வெள்ளை இனிப்பு. ஓரத்தில் சுருங்கிய நாலு வெற்றிலை. ஒரு மெழுகுதிரி. கடைசித் தட்டில் எண்ணெய் மினுங்க, தோசை என்று நினைத்து எவரிஸ்தோவின் மனைவி மாவைக் கரைத்துச் சுட்ட ஏதோ ஒன்று.

மனேஜர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசித் தட்டில் அவருடைய முகம் உடைந்தது. கடிதம் வந்த நாளில் வராத அழுகை, அடக்கி வைத்த அத்தனை நாளின் அழுகை, அணை உடைத்ததுபோல வந்தது. "புஸ்பம்... புஸ்பம்..." என்று பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். சில்வெஸ்டர் அண்ணை தூரத்தில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். கிட்ட வரவில்லை.

அழுது முடிய மனேஜர் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். விரல்களை நனைத்துத் தட்டுகளைச் சுற்றித் தெளித்தார். கண்ணை மூடிக் கனநேரம் நின்றார். பிறகு திரும்பி, சுவரோடு நின்றவரைப் பார்த்தார்.

"சில்வெஸ்டர்."

"ஐயா?"

"இது தனியச் சாப்பிடுற சாப்பாடில்லை. வாரும்."

சில்வெஸ்டர் அண்ணை என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். அவர் மெல்ல வந்து பலகைக்கு அருகில் நின்றார். மனேஜர் கணவாய்த் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளினார். சில்வெஸ்டர் அண்ணை ஒரு குச்சியால் ஒரு துண்டைக் குத்தி எடுத்து வாயில் போட்டார். மனேஜர் கையால் எடுத்தார். மை விரலில் ஒட்டியது. அதே தட்டிலிருந்து எடுத்த துண்டு அவருடைய வாயருகே போனது.

அங்கேயே நின்றது.

மனேஜர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவின் மறுபக்கத்தில், துறைமுகத்து ஞாயிறு மீன் சந்தையிலிருந்து பைகளோடு ஹைம் சனம் நாலைந்து பேர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கமலநாயகி அக்கா. எவரோ ஏதோ சொல்ல, அக்கா தலையைத் திருப்பித் தெருவைக் கடக்கத் தொடங்கினார். மனேஜரின் கை கீழே இறங்கப் பார்த்தது.

சில்வெஸ்டர் அண்ணை இதைக் கண்டார்.  பலகையில் கிடந்த ஸ்பானியப் புதினப் பத்திரிகையை எடுத்தார். அதில் ஒரு எழுத்துக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. மனேஜருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோடு நெருங்கி நின்று, இரண்டு கைகளையும் எவ்வளவு அகட்ட முடியுமோ அவ்வளவு அகட்டிப் பத்திரிகையைக் கண்ணாடி முழுவதும் விரித்துப் பிடித்தார்.

அவருக்குப் பின்னால் மனேஜர் மென்று விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்தார். பிறகு சூடையை எடுத்தார்.

வெளியே காலடிச் சத்தம் ஜன்னலருகே வந்து நின்று, பிறகு போய்விட்டது. சில்வெஸ்டர் அண்ணை அப்போதும் பத்திரிகையைக் கீழே இறக்கவில்லை.  அவசரமில்லாமல் வாசிக்கிற மனிதனைப்போல, தலையை மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டு நின்றார்.